எடைக்குப் போன முனியாண்டி

முனியாண்டிக்கு மீசை வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஆலயத் தலைவர் நடேசலிங்கம். தமிழ்நாட்டிலிருந்து கருங்கல் சிலை வரவழைக்கும்போதே சிற்பியிடம் சொல்லிவிட்டார்: புன்னகை வேண்டும், மீசை கூடாது, அரிவாள் கூடவே கூடாது. செரின் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக உட்கார்ந்து கூலிக்காரர்களை அதட்டியே பழகிய வாய் அது. ஓய்வு பெற்றதும் அதட்ட ஆள் கிடைக்காமல் சாமியைப் பிடித்துக்கொண்டது.

பழைய முனியாண்டிக்கு முகமே கிடையாது. அரசமரத்தடியில் நட்ட ஆளுயர இரும்புச் சூலம், அவ்வளவுதான். ரப்பருக்குப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் இருட்டோடு அதன் முன் நின்று, பாம்பிடமிருந்தும் கிராணியிடமிருந்தும் காப்பாற்று என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆடி மாதத்தில் சுருட்டு, கறுப்பு பீர், ஒரு சேவல். அந்தக் காலத்தில் நடேசலிங்கம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவர் குடும்பம் டவுனில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகும். கூலிக்காரர்களோடு ஒரே சாமியைக் கும்பிட்டால் கௌரவம் கரைந்துவிடும் என்ற பயம்.

பால்மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. தோட்டத்து ஜனம் டவுனுக்குக் குடியேறியது. கோயில் மட்டும் அங்கேயே நின்றது. தலைவர் பதவி காலியாகக் கிடந்ததைப் பார்த்து நடேசலிங்கத்துக்குத் திடீரென்று பக்தி பிறந்தது. ஊரெல்லாம் வசூல் செய்து கோபுரம் எழுப்பினார். சாமியின் பெயரை 'ஸ்ரீ மகா முனீஸ்வரப் பெருமான்' என்று நீட்டினார். 'சுருட்டு, மது, உயிர்ப்பலிக்கு அனுமதி இல்லை' என்று வாசலில் பலகை மாட்டினார். தன் பெயரை மட்டும் கருங்கல்லில், சாமி பெயரைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டச் சொன்னார். சிற்பி தயங்கியபோது, "தூரத்துலருந்து படிக்கணும்ல?" என்றார்.

அரசமரத்தை வெட்டியாயிற்று. சூலம் மிச்சம். அதைக் கருவறைக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, வெளியே வைக்க வெட்கமாக இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன்பு உடைந்த கம்பிகளோடும் தகரத்தோடும் சேர்த்து லாரியில் ஏற்றி, முச்சந்தியில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே ஆ லெக்கிடம் எடைக்குப் போட்டுவிட்டார்.

அடுத்த தை மாதமே மகள் தமயந்திக்கு வரன் வந்தது. கோலாலம்பூரில் டாக்டர். அதுவும் இதய டாக்டர். நடேசலிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போதுகூட, "நம்ம சம்பந்தி வீட்டுல டாக்டருங்க" என்று மீன்காரனிடம் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். செரின் தோட்டத்துக் கோயிலில் பூக்கேட்டுவிட்டுத்தான் தட்டு மாற்றுவாராம். வெற்றிலையில் மடித்த இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை.

கோலாலம்பூர் பங்களாக்காரி நம் கோயிலைத் தேடி வருகிறாளே, கோபுரத்தின் பெருமை அங்கேவரை போயிருக்கிறது என்று நடேசலிங்கம் நம்பினார். புதுப் பட்டுச்சட்டை தைத்துக்கொண்டார். கல்வெட்டை எண்ணெய் போட்டுத் துடைக்க வைத்தார்.

அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கினார். கோபுரத்தைப் பார்க்கவில்லை. கல்வெட்டையும் பார்த்ததாகத் தெரியவில்லை. நேரே கருவறை முன் போய் நின்று, புன்னகைக்கும் சிலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"முனீஸ்வரப் பெருமான். அம்சமா இருக்காரு, பாருங்க."

"அம்சமாத்தான் இருக்காரு. பேங்க் மேனேஜர் மாதிரி." கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சுருட்டுக் கட்டும் கறுப்பு பீர் போத்தலும் தெரிந்தன. "அரசமரத்தடியில சூலம் இருக்குமே, எங்க? எம்மவன் படிச்சு டாக்டரானா சுருட்டு வைக்கிறேன்னு எங்கப்பா வேண்டிக்கிட்டாரு. வைக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு."

"உங்கப்பாவா?"

"மாரப்பன். பால்வெட்டு மாரப்பன். மழை பேஞ்சா அரைப்பேர்தான்னு பாதிச் சம்பளம் போடுவீங்களே, மறந்துட்டீங்களா? நான் அவரு மக அஞ்சலை."

 டாக்டர் வீட்டைத் தேடிப் போய்க் கூலிக்காரன் மகளிடமே வந்து மாட்டிக்கொண்டோமே என்று நடேசலிங்கத்துக்கு ஒரு கணம் கசந்தது. கசந்தாலும் டாக்டர் டாக்டர்தான். கை குவித்தார்.

"சூலத்த முறைப்படி மந்திரம் சொல்லி ஆத்துல விட்டுட்டோம்மா. ஆகமத்துல அப்படித்தான் இருக்கு."

ஆகமத்தை அவர் அட்டையில்கூடப் பார்த்ததில்லை.

"என்னப்பா சொல்றீங்க?" என்றாள் தமயந்தி பின்னாலிருந்து. "சூலம் ஆ லெக் கடையிலதான் இருக்கு. தினமும் அதப் பாத்துக்கிட்டேதான் நான் வேலைக்குப் போறேன்."

அஞ்சலை சட்டென்று திரும்பினார். காரை நோக்கி நடந்தார். "சம்பந்திம்மா, ஒரு நிமிசம்... அங்கலாம் ஒரே துரு, சகதி" என்று பின்னாலேயே ஓடினார் தலைவர்.

ஆ லெக் கடையில் துருவும் சகதியும் இருந்தன. நடுவில், பழைய என்ஜின்களுக்கும் சைக்கிள் சட்டங்களுக்கும் இடையில், தகரக்கூரை போட்ட ஒரு சின்ன மேடை. அதன்மேல் சூலம், துருவைத் தேய்த்து எண்ணெய் பூசி, சிவப்புத் துணி சுற்றி நின்றது. முன்னால் ஊதுவத்திக் கட்டும் ஆரஞ்சுப் பழங்களும் ஒரு கிளாஸ் கறுப்பு பீரும். கோயிலில் இல்லாத எலுமிச்சை மாலை அங்கே இருந்தது.

ஆ லெக் அரைக்கால் சட்டையோடு வந்தான். "என்ன தலைவர், சாமி பாக்க வந்தியா?"

"தவுக்கே, இது தெரியாம வந்துருச்சு. நான் திருப்பி எடுத்துக்கறேன். என்ன விலைன்னு சொல்லு."

"முடியாது லா. நீதான் சொன்ன, வெறும் இரும்பு, எட போடுன்னு. நான் அறுக்கப் போனேன், மெசின் மூணுவாட்டி நின்னுச்சு. அப்புறம் கும்பிட்டேன். இப்ப பிசினஸ் நல்லாருக்கு. இவரு எங்கயும் போமாட்டாரு."

தலைவர் அஞ்சலையின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் சட்டங்களைப் பார்த்தார்.

"எடைக்கா?" என்றார் அஞ்சலை. மெதுவாகத்தான் கேட்டார். "எங்கப்பன் கும்பிட்ட சாமிய எடைக்கா போட்டீங்க?"

"கமிட்டி முடிவும்மா..."

"கல்லுல உங்க பேரு மட்டும்தானே இருக்கு? கமிட்டி பேரக் காணோமே."

அஞ்சலை பார்க்காத மாதிரிதான் கல்வெட்டைத் தாண்டிப் போயிருந்தார்.

அஞ்சலை கைப்பையிலிருந்த பூப் பொட்டலங்களைச் சூலத்தின் முன் போட்டு, தவுக்கேயிடம், "நீ எடுப்பா, இப்ப நீதான் பூசாரி" என்றார். ஆ லெக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தான். நடேசலிங்கத்தின் உதடுகள் முணுமுணுத்தன. ஸ்ரீ மகா என்றெல்லாம் சொல்ல நேரமில்லை. முனியாண்டி, முனியாண்டி என்றே முணுமுணுத்தார்.

வெள்ளை.

"ஒம்மேல சாமிக்கு ஒரு கோவமும் இல்ல தாயி" என்று அஞ்சலை தமயந்தியின் கன்னத்தைத் தடவினார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன். கல்யாணம் கோலாலம்பூர்ல, என் செலவு. மொதத் தாம்பூலம் தவுக்கேக்கு. நீங்களும் வாங்க, பந்தியில உக்காந்து நல்லா சாப்பிட்டுப் போங்க."

கோபுரத்துக்குக் கீழே கல்யாணம், கழுத்தில் மாலை, பரிவட்டம், பத்திரிகையில் படம் எல்லாம் அந்தச் சகதியில் போயின. ஆனாலும் டாக்டர் கைவிட்டுப் போகவில்லை என்ற நிம்மதியில் நடேசலிங்கம் பல்லைக் காட்டினார். வெட்கம் என்ற ஒன்று அவர் ஜாதகத்திலேயே எழுதப்படவில்லை. சூலத்துக்குச் சுருட்டைப் பற்றவைத்த சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் தானும் ஒரு மரியாதைக்காரராக நிற்கலாமென்று, பட்டுச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையில் கால் வைத்தார்.

ஆ லெக் குறுக்கே கையை நீட்டினான்.

"தலைவர், செருப்பு கழட்டு."