படையலில் வைத்த வெள்ளைப் பெட்டி

அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. நினைவு மலரென்றால் நாலு வார்த்தை புகழ்ந்து எழுத வேண்டும் என்று அம்மாவின் தம்பியான மாமா சொன்னார். அம்மாவுக்குப் புகழ்ச்சி ஒத்துவராது. "சும்மா அலட்டாதை பிள்ளை" என்பார். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

சாவகச்சேரியில் பிறந்து, தமிழில் படித்து, போர்க்காலத்தில் அப்பாவுடன் லண்டன் வந்தவர் அம்மா. ஈஸ்ட் ஹாமில் அவர்கள் எடுத்த சிறிய கடையில் பாதி வியாபாரம் சிகரட். ஆங்கிலத்தை அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் பெட்டியின் நிறமே அவருக்குப் போதுமாக இருந்தது. கட்டட வேலைக்காரருக்குச் சிவப்பு, அலுவலகக்காரருக்குப் பொன்னிறம், இளம் பெண்களுக்கு ஊதா. ஆள் கதவைத் திறக்கும்போதே பெட்டி மேசைக்கு வந்துவிடும். கிரீடமும் சிங்கமும் போட்ட பெட்டியை வாங்குபவர்கள் அது வெளியே தெரியும்படி சட்டைப்பையில் வைப்பார்கள். அந்தக் காலத்தில் பெட்டிக்குள் விளையாட்டு வீரர்களின் படம் வருமாம். படத்துக்காகவே "சிகரட்டை இன்னும் பத்துங்கோ" என்று சின்ன வயதில் தகப்பனை நச்சரித்ததாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொல்லிச் சிரிப்பார். பிறகு இருமுவார்.

அப்பா சிவப்புப் பெட்டிக்காரர். அவருக்கும் இருமல் தொடங்கியது. அந்த நாட்களில்தான் ஒரு கம்பெனியின் விற்பனையாளர் புதிய வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். "லைட்" என்றார், நெஞ்சுக்கு இதமானது என்றார். சிகரட் அடுக்கிக் காட்ட, கடைக்கு விளக்குப் போட்ட அலுமாரியும் இலவசமாகத் தந்தார். அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்!

"இஞ்சேருங்கோ, இது லைட்டாம். இனி இதைப் பத்துங்கோ."

"சப்பெண்டு கிடக்கப்பா" என்று அப்பா முகத்தைச் சுழித்தார். ஆனாலும் அம்மா சொன்னதைக் கேட்டார். லைட்தானே என்று நாளுக்கு இரண்டு மூன்று கூடவே பற்றினார். ஒவ்வொரு காலையும் பெட்டியை எடுத்துக் கொடுத்தது அம்மாவின் கைதான். அப்பா நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்தில், அவருக்குப் பிடித்த சாப்பாட்டோடு ஒரு வெள்ளைப் பெட்டியையும் அம்மா தவறாமல் படைத்தார்.

சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் "லைட்" என்ற சொல் போனது. வெள்ளை நிறம் இருந்தது. பிறகு பெட்டிகள் கண்ணில் படாதபடி அலுமாரிக்குக் கதவு போட்டார்கள். கடைசியில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே சேற்று நிறமாக்கினார்கள். அம்மா திண்டாடிப் போனார்.

"ஏன் பிள்ளை எல்லாத்தையும் ஒரே நிறமாக்கினவை?"

"நிறத்தைக் காட்டி ஏமாத்தினவை அம்மா. வெள்ளையெண்டா நஞ்சு குறைவெண்டு சனம் நம்பினது."

"அப்ப குறைவில்லையோ?"

"இல்லை அம்மா. எல்லாம் ஒண்டுதான்."

அதை அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அடுத்த திவசத்தன்று மாமா வழக்கம்போல் படையலுக்கு ஒரு பெட்டியை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. "இனி இந்த மனுசனுக்கு என்ரை கையாலை இதைக் குடுக்கமாட்டன்" என்றார். ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணீரை வைத்தார். அந்த மாதமே கடையில் சிகரட் விற்பதையும் நிறுத்தினார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதே நினைப்புத்தான்.

"நீங்கள் குடுக்காட்டியும் அப்பா தானா எடுத்திருப்பார் அம்மா" என்றேன்.

"ஓம், எடுத்திருப்பார். ஆனா சிவப்பையெல்லோ எடுத்திருப்பார். வெள்ளை நான் குடுத்தது."



அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், கடை வாசலில் பூ வைத்துச் சென்ற வாடிக்கையாளர்களுக்கும், எல்லாக் காரியத்தையும் தலையில் போட்டுச் செய்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. இன்றைய படையலில் இரண்டு கோப்பை இஞ்சித் தேத்தண்ணீர் இருக்கும். மாமா, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பெட்டியைத் தயவுசெய்து வாசலிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.