மேசை நடுவில் மூணு சுருள்

எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை மகன் வாங்கிப் போட்டது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன் மதுரைக்குப் போய், கண்ணாடி வேண்டாம், மரந்தான் வேணும் என்று பார்த்து வாங்கி, வண்டி வைத்து இராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து இறக்கினான். அதன் மேல் நான் காய் நறுக்குவேன், துணி மடிப்பேன். சோறு மட்டும் கீழேதான். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிடுவேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் கேட்பான், நான் மாட்டேன் என்பேன்.

போன ஆடியில் வந்தபோது, அடுத்து மலைக்கு மேலே ஓர் இடத்தில் போடுகிறார்கள், அங்கே செல் எடுக்காது என்றான். சுதந்திர தினத்தன்று சாயங்காலம் ரயில். அன்று மத்தியானம் மேசையில் உன்கூட உட்காருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் எனக்கு நினைப்பு.

மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். "அத்தே, மேசை நடுவில வைக்க அழகா ஒண்ணு செய்வோமா? அன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கட்டும், பொறவு என் வகுப்புக்கு எடுத்துட்டுப் போயிருதேன். பஞ்சு எப்படித் துணியாகுதுன்னு பிள்ளைகளுக்குக் காட்டுன மாதிரியும் இருக்கும்" என்றாள்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. நான் பேண்டேஜ் கம்பெனியில் தலை நரைக்கிற வரைக்கும் வேலை பார்த்தவள். அங்கே போய் நின்றால் இன்றைக்கும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். கேட்டு, பேண்டேஜ் துணி வாங்கி வந்தேன். சுதந்திர தினமாச்சே, கொடியின் மூன்று நிறமும் இருக்கட்டும் என்று மூன்று பட்டையாகக் கிழித்தோம். பச்சைக்குக் கடையில் சாயப் பொட்டலம் வாங்கினோம். காவிக்கு எதற்குக் காசு என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து நானே நனைத்தேன்.

மருமகள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அத்தே, இது கொடியா, ஆரத்தியா?"

"ஆரத்தி எடுத்துத்தாம்ட்டி ஒன்னைய இந்த வீட்டுக்குள்ள கூட்டியாந்தேன். பேசாம அந்தக் கம்பப் பிடி."

காய்ந்த பிறகு மூன்றையும் ஒட்டித் தைத்தேன். மேசை நீளத்துக்கு வந்தது. சக்கரத்தை அவள் அட்டையில் வரைந்து வெட்டி நடுவில் குத்தினாள். அந்தத் துணி மேலேயே சின்னத் தட்டுகளை வரிசையாக வைத்தோம். ஒன்றில் வெடித்த பருத்தி, ஒன்றில் கொட்டை எடுத்த பஞ்சு, ஒன்றில் நூல், ஒன்றில் துண்டுத் துணி. எட்ட நின்று பார்த்தால் கல்யாண வீட்டு மேசை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவிய பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சுதந்திர தினத்தன்று காலையில் மகனும் மருமகளும் வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போனார்கள். வருவதற்குள் நான் சமைத்து, மேசையில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கோழிக் குழம்புச் சட்டி, சோத்துப் பானை, தட்டு, டம்ளர். பால்கோவாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவன் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"யம்மா, இதுல நான் உக்கார மாட்டேன்."

"ஏம்லே?"

"கொடி மேல கொழம்புச் சட்டிய வச்சிருக்கியளே."

மருமகள் முந்திக்கொண்டாள். "கொடியில்லங்க, இது மேசைக்கு அலங்காரம். விழா மேடையில எல்லாம் விரிக்கத்தான செய்தாக."

"விரிக்கக் கூடாது. மூணு நெறத்தையும் வரிசையா வச்சு, நடுவுல சக்கரத்தையும் வச்சுட்டு, கொடியில்லன்னா எப்படி?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "மஞ்சக் கரைச்ச கை இன்னும் வெளுக்கல. வருசக்கணக்காக் கூப்பிட்டுட்டு, நான் உக்காருதேன்னு சொன்ன அன்னைக்கு நீ உக்கார மாட்டியா?" என்றேன்.

அவன் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுப்படிக்கு எடுத்துப் போனான். தட்டுகளை ஓரமாக வைத்தான். அட்டைச் சக்கரத்தைக் கழற்றினான். மருமகளை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, காவியும் பச்சையும் அடியில் போக, வெள்ளை மேலே வர, சின்னதாக மடித்தான். கொஞ்சமும் கோணவில்லை. மடித்ததை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து என் முன்னால் வந்து நின்றான்.

"இந்தாம்மா. பத்திரமா வை."

எனக்குக் கை எழும்பவில்லை.

செட்டியார்பட்டியிலிருந்து கம்பெனிக்கு வருகிறவள் ஒருத்தி, என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் மகனும் பட்டாளம். ஒருநாள் பெட்டியில் வந்தான். அன்றைக்கும் பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியை இப்படித்தான் மடித்து, இப்படித்தான் இரண்டு கையிலும் ஏந்தி ஒரு ஆபீசர் அவளிடம் நீட்டினார். அவளும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். நான்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்ட நீட்டாதலே" என்றேன். உன் பொண்டாட்டிகிட்டக் குடு என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளைப் பார்த்தால், அவளும் கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

அவனுக்கும் புரிந்துவிட்டது. கீழே வைக்கவும் மனசில்லாமல், யாரிடமும் கொடுக்கவும் முடியாமல் அப்படியே நின்றான். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

நான்தான் கேட்டேன். "தையலப் பிரிச்சுட்டா இது என்னலே?"

யோசித்தான். "பிரிச்சா வெறுந் துணிதாம்மா."

"அப்பக் குடு."

தையல் மெஷின் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக் கீழே உட்கார்ந்தேன். பட்டை பட்டையாகப் பிரித்தேன். பிரித்ததைச் சும்மா போட மனசு வருமா? சுற்றினேன். பேண்டேஜ் சுற்ற எனக்குக் கண் வேண்டாம். நுனியைப் பெருவிரலால் அமுக்கி, துணியை ஒரே இழுப்பாகப் பிடித்துக்கொண்டால் கை பாட்டுக்கு ஓடும். தொளதொளவென்று சுற்றினால் சுருள் சாய்ந்துவிடும். நான் சுற்றியது ஒருநாளும் சாய்ந்ததில்லை. அவன் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து கம்பெனியில் ஒவ்வொரு சுருளையும் வைக்கும்போது, இது என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் வைப்பேன். யாருக்கும் தெரியாது.

காவி, வெள்ளை, பச்சை, மூன்றையும் ஒரு தாம்பாளத்தில் மேசை நடுவில் நிறுத்தினேன். மருமகள் பருத்தித் தட்டுகளைச் சுற்றி வைத்தாள்.

"அத்தே, பாடம் இப்பத்தான் சரியா முடியுது. பருத்தி, பஞ்சு, நூல், துணி, கடைசியில பேண்டேஜ்."

"ஒன் பாடத்த அடுப்பில போடு. மொத சோத்தக் கொண்டா."

மகன் நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. அவன் அடுப்படியில் கிடந்த பலகையைக் கொண்டுவந்து காலுக்குக் கீழே போட்டான்.

"இப்ப எறங்குதா தொண்டையில?"

"உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றேன். நான் வைத்த குழம்புதான்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது தாம்பாளத்திலிருந்து வெள்ளைச் சுருளை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

"எதுக்குலே அது?"

"சும்மாதாம்மா. கூட இருக்கட்டும்."

வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "பிரிக்காமத் திருப்பிக் கொண்டாந்து வைக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினான்.

மருமகள் வகுப்புக்கு வேறு மூன்று சுருள் சுற்றிக் கொடுத்தேன். அவை பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் தாம்பாளம் மேசை நடுவிலேயே இருக்கிறது. காவிக்கும் பச்சைக்கும் ஊடே ஒரு சுருள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். தினமும் துடைக்கிறேன், நகர்த்துவதில்லை. இப்போதெல்லாம் எனக்குச் சோறு அங்கேதான், பலகையில் காலை வைத்துக்கொண்டு.