எதிர்க்கரையிலிருந்து எடுத்த படம்

ஆற்றுக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலை என்று என் வேலையை வீட்டில் கிண்டல் செய்வார்கள். முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. வெப்பப் படம் எடுக்கும் கேமராவோடு அடையாற்றங்கரையில் நடந்து, தண்ணீர் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று பதிவு செய்கிறேன். விடியலில் ஆறு குளிர்ந்திருக்கும், திரையில் நீலமாகத் தெரியும். அந்த நேரத்தில் எங்காவது கழிவுநீர் கலந்தால் மஞ்சளாகக் காட்டிக்கொடுத்துவிடும். குளித்த தண்ணீரிலும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலும் கொஞ்சம் சூடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. டிரோன் இருந்தால் சுலபம். தாம்பரத்தில் விமானப்படைத் தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு யார் அனுமதி தருவார்கள்? கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளையும் மலத்தையும் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியதுதான்.

முடிச்சூரில் என் தாய்மாமன் வீடு ஆற்றை ஒட்டியே இருக்கிறது. நெல் விளைந்த நிலத்தில் இப்போது மாமாவின் வாடகை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. போன மழைக்காலம் முடிந்த கையோடு அத்தை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கெடுத்தது யார் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. எதிர்க்கரையில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புதான். அதன் கழிவுநீர்க் குழாய் ஒன்று ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மனு மேல் மனு போட்டார். யாரும் வந்து பார்க்கவில்லை.

"மெஷின வெச்சிக்கினு ஊரெல்லாம் சுத்துற. எனக்கு ஒரு படம் எடுத்துக் குடும்மா. அவனுங்கள சும்மா வுடக் கூடாது" என்றார்.

எனக்கும் அதே கோபம்தான். திட்டிக்கொண்டே பாசம் காட்டுகிறவள் அத்தை. அவள் குரல் இல்லாத அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நேராக மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். மாமா கை நீட்டிய பக்கம் கேமராவைத் திருப்புவேன். நடு ஆற்றில் மங்கலாக ஒரு மஞ்சள் தெரியும். "பாத்தியா?" என்பார். ஆனால் அது எதிர்க்கரைக் குழாய் வரைக்கும் போய்ச் சேரவில்லை. இந்த அரைகுறைப் படத்தை எந்த அதிகாரியும் மதிக்கமாட்டார்.

கிட்டப் போய் எடுக்கலாம் என்று ஒரு விடியற்காலையில் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனோம். அவர்கள் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்றிருந்த மாமாவும் வந்தார். அங்கே குழாய் காய்ந்து கிடந்தது. வாயில் சிலந்திவலை. கழிவுநீரை லாரியில் அனுப்புகிறோம் என்றார் காவலாளி.

"நாம வர்றது தெரிஞ்சி நிறுத்திட்டானுங்க" என்றார் மாமா.

அப்படியென்றால் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கேமராவை ஆற்றின் பக்கம் திருப்பினேன். திரையில் எங்கள் கரை தெரிந்தது. வாடகை வீடுகளுக்குக் கீழே, புதருக்குள்ளிருந்து மஞ்சள் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றை ஒட்டியே வழிந்து நடு ஆற்றுக்கு வந்தது. இத்தனை நாளும் அதற்கு நேர்மேலே நின்றுகொண்டுதான் எதிர்க்கரையைப் படம் பிடித்திருக்கிறோம்.

கேமராவின் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார் மாமா. துடைத்தேன். திரும்பவும் பார்த்தார்.

"போன வெயில்ல கக்கூஸ் டேங்க் ரொம்பிப் போச்சி. நாத்தம் தாங்கலன்னு அவ அழுதா. லாரிக்காரனும் வரல. நான்தான் ஒரு கொழா போட்டு ஆத்துல வுட்டேன்."

திரையில் கிணற்றை ஒட்டி வழிகிற மஞ்சளைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"ஆத்துல வுட்டது கெணத்துக்கு எப்டிம்மா வரும்?"

"மோட்டார் ஓட ஓட, கிணறு பக்கத்துல இருக்கற ஆத்துத் தண்ணிய இழுக்கும் மாமா."

சொல்லியிருக்க வேண்டாம். கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. எதிரே மாமாவின் வாடகை வீடுகளில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் குளிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய, திரையில் மஞ்சள் அகலமாகிக்கொண்டே வந்தது. கேமராவை அணைத்தேன்.

மாமா அந்தக் காய்ந்த குழாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் இந்த பிளாட்காரனுங்களத்தான் திட்டிக்கினு இருந்தா" என்றார். "அவனுங்கள திட்டிக்கினே போய்ட்டா. அது வரைக்கும் நல்லது."