ஆங்கிலத்தில் கிடைத்த வேலை

மாசி மாதம், திங்கட்கிழமை. காலை 6.10-க்குத் திருக்காட்டுப்பள்ளியில் தஞ்சாவூர்ப் பேருந்து ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பையில் நான்கு வேட்டி சட்டை, ஒரு போர்வை, ஒரு தலையணை. நாகூரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது வருடம் அரிசி மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். சென்ற ஆடியில் முதலாளி மில்லை விற்றார். வாங்கியவர்கள் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு என்னை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் போன இடமெல்லாம் ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார்கள். நாற்பத்தொன்பது வயதில் கைப்பேசியை வைத்து நானே படிக்க ஆரம்பித்தேன்.

அப்படிப் படிப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு, பேசிப் பழகப் பாடமும் அனுப்புவார்கள். தினமும் மாலை ஏழு மணிக்குக் கால் மணி நேரம் பேச வேண்டும். ஒரு சொல் தமிழ் கூடாது. எனக்கு வாய்த்தவர் நாகூர் ஜலால் பாய். தர்கா பக்கம் அத்தரும் ஊதுபத்தியும் விற்கும் கடை தன்னுடையது என்றார். மலேசியாவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாததால் படிக்கிறாராம். ஐந்து மாதம் பேசியிருக்கிறோம். அவர் தமிழில் எப்படிப் பேசுவார் என்றே எனக்குத் தெரியாது.

போன புதன்கிழமை, உங்கள் கடையில் எனக்கு வேலை உண்டா என்று கேட்டேன். தமிழில் கேட்டிருக்க மாட்டேன். சொந்தத் தம்பியிடம்கூட நான் வாய் திறந்ததில்லை. ஆங்கிலத்தில் வெட்கம் வரவில்லை. அந்த மொழியில் நான் அவ்வளவு தூரம் படித்திருக்கவில்லை. உண்டு, திங்கட்கிழமையிலிருந்து வரலாம், சம்பளம் பதினைந்தாயிரம், தங்க அறை தருகிறேன் என்றார். தடங்கலே இல்லாமல் சொன்னார். அடுத்த நாட்களில் பேச்சு வேறு எதையோ பற்றிப் போனது; நானும் திரும்பக் கேட்கவில்லை.

காலை 8.15. தஞ்சாவூரில் நாகூர் ரயில். சாலியமங்கலம் தாண்டியதும் இருபுறமும் அறுத்த வயல். தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருந்தது. நீடாமங்கலத்தில் என் வயதுள்ள ஓர் அம்மா ஏறி எதிரே உட்கார்ந்தார். என் பையைத் தன் காலால் சற்றுத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

“எங்கண்ணே, வீட்டையே தூக்கிட்டுக் கெளம்பிட்டீங்க?”

“நாகூர்ல வேலைக்குச் சேரப் போறேன்.”

“நாகூர்லயா? அந்த ஊரு ஆளுங்களே வேலைக்கு சிங்கப்பூர் போறாங்க. நீங்க அங்க வேலைக்குப் போறீங்க.”

“தெரிஞ்சவர் கடை. அவரே வரச் சொன்னாரு.”

“அப்ப சரி. தெரிஞ்சவங்கன்னா சோறாவது போடுவாங்க.”

திருவாரூரில் அவர் இறங்கிக்கொண்டார். அன்று காலை எனக்கு யாரிடமும் கோபம் இல்லை.

காலை 10.50. நாகூர். கடல் காற்றில் சட்டை ஒட்டியது. கடையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. வழியைக்கூட ஆங்கிலத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். உயரமான, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். என் பெயரைச் சொன்னதும் கல்லாவைத் தாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அட, வாங்க வாங்க! சொல்லவே இல்லியே சார். நீங்க தமிழ் பேசி இப்பத்தான் கேக்குறேன். கொரலே வேற மாதிரி இருக்கு.”

அவர் குரலும்தான் வேறாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பவர் தமிழில் கொட்டினார். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு அழைத்துப்போனார். இரண்டு தெரு தள்ளி, ஓர் அறையும் சமையல்கட்டும். தங்க அறை எங்கே என்று என் கண் தானாகத் தேடியது. அவர் மனைவி மீன் குழம்பு பரிமாறினார்.

“பை பெருசா இருக்கு. அப்படியே வேளாங்கண்ணிக்கும் போறீங்களா சார்?” என்றார் ஜலால் பாய்.

“இல்ல பாய். அன்னிக்கு, புதன்கிழம, கடையில வேல இருக்குன்னு பேசினோமே.”

“அதுவா. வேலை கேக்குற பாடம்.” அவர் முகம் மலர்ந்தது. “எப்படிப் பேசுனேன் பாத்தீங்களா, எங்கயும் நிக்காம? சம்பளம் பதினஞ்சுன்னேன். ரூமு வேற குடுத்தேன்.”

“ஃபோன வச்சிட்டு அப்படிச் சிரிப்புண்ணே,” என்றார் அவர் மனைவி. “‘இன்னிக்கு நான் மொதலாளி’ன்னு சொல்லி என்கிட்ட ரெண்டாவது டீ கேட்டாங்க.”

“கடை என் மச்சானோடது சார். நானே பத்தாயிரத்துக்கு நிக்கிறேன். பாடத்துல ‘என் கடை’ன்னுதான் இருந்துச்சு, நானும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன். உங்களுக்கென்ன, மில்லு மேனேஜரு.”

எனக்கு வந்த முதல் பாடத்தில் மேனேஜர் என்றுதான் இருந்தது. கணக்குப்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று நான் தேடிப் பார்க்கவில்லை. மில் போனதை அவரிடம் சொல்லவும் இல்லை.

“சும்மாதான் பாய். உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் நம்பினார். அவர் மனைவி பையைப் பார்த்தார். வாய் திறந்திருந்த அதில் தலையணை உறை தெரிந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார்.

மாலை 6.20. திரும்பும் ரயில். வழியனுப்ப வந்த ஜலால் பாய் ஒரு சிறு அத்தர் புட்டியைச் சட்டைப்பையில் திணித்தார். காசு வாங்கவில்லை, மச்சானுக்கு அவர் தன் கையிலிருந்து கட்டியிருப்பார். கோபப்படுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் பயணம் இதைவிட லேசாக முடிந்திருக்கும். ஆள் இல்லை. கீழ்வேளூர் தாண்டி வயல்கள் இருட்டத் தொடங்கின.

ஏழு மணிக்குக் கைப்பேசி அடித்தது. எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒருவர் எடுக்காவிட்டால் மற்றவருக்கு அன்றைக்குப் படிப்பு இல்லை.

“ஹலோ சார், ஹவ் ஆர் யூ?” பழைய குரல், ஒவ்வொரு சொல்லாக.

“ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ,” என்றேன்.

அடுத்துக் கேட்பது என் முறை. கடையில் இன்று வியாபாரம் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு “மை ஷாப்” என்று தொடங்கினார். நான் நிறுத்தவில்லை.