வேதுத் தண்ணியும் வீடியோ காலும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் பெண்ணுக்கு கேரள எல்லையிலுள்ள எங்கள் ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரே வைத்தியம்தான். பிரசவமானாலும் சரி, பித்தப்பையில் கல் எடுத்தாலும் சரி, வேது. வைத்தியசாலை எண்ணெயை மேலெல்லாம் அழுத்தித் தேய்த்து, புளியிலையும் ஆமணக்கு இலையும் போட்டுக் கொதித்த தண்ணீரைப் பொறுக்கிற சூட்டில் ஊற்றுவது. இதில் என் மூத்த அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, பேர்போனவள். குடும்பத்தில் பிள்ளை பெற்ற அத்தனை பேரையும் குளிப்பாட்டி எழுப்பியது அவள் கைதான்.

எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், சேர்த்து எடுத்தார்கள். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தூக்க முடியாமல் போன இடது கைக்கான பயிற்சிக்காகத் திருவனந்தபுரம் வரை பஸ் ஏறி அலைய வேண்டாம், வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. போனில் மீன் விலை கேட்கலாம். கையை எப்படித் தூக்கவைப்பார்கள்?

வாராவாரம் போனில் வந்த பிசியோதெரபிப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவள் மலையாளத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ரெண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் போனுக்கு ரேஞ்ச் ஒழுங்காகக் கிடைப்பது பின்பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில் மட்டும். ரப்பர் நாற்றத்துக்கு நடுவே நான் சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றுவேன். மைனி எதிரே நின்று போனை இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். ததும்பத் ததும்பப் பால் வாங்கி வருகிறவளைப் போல அசையாமல் நிற்பாள்.

கை தோள்மட்டம் வரை வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எங்கள் சபைப் பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னால் இரண்டு கையும் தானாக மேலே போய்விடும். எனக்கு மட்டும் ஒன்று மேலே, ஒன்று பாதி வழியில். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எரிச்சலாக இருக்கும்.

மைனிக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பிள்ள தொடாம என்ன வைத்தியம் பாக்குது? நரம்பு இறுகிக் கெடக்குது மக்கா. நாலு நாள் வேது பிடிச்சா உனக்க கை தன்னால மேல போவும்."

எனக்கும் ஆசைதான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வெந்நீர் சொர்க்கமாக இருந்தது.

அந்த வாரமே கை வீங்கியது. நைட்டியின் கை புஜத்தை இறுக்கியது. புறங்கையில் எலும்பே தெரியவில்லை. மைனி பார்த்துவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். எங்கள் வீட்டில் கேன்சர் என்று யாரும் சொல்வதில்லை, 'அது' என்போம். அது திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். வீடியோ நாளன்று துவர்த்துத் துண்டை எடுத்துத் தோளோடு போர்த்திக் கையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"சேச்சி, அந்தத் துவர்த்தை எடுங்க" என்றாள் அந்தப் பெண். எடுத்தேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொன்னாள். விரலால் அழுத்தச் சொன்னாள். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது.

"சூடு ஏதாவது வச்சீங்களா?"

போனுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நானாக்கும் மோளே. நான்தான் வேது பிடிச்சேன்." மைனி அழுதாள். அப்போதும் போன் அசையவில்லை.

அந்தப் பெண் திட்டவில்லை. நெறி எடுத்த கையில் நீர் வடிய வழி குறைவு, சூடும் அழுத்தித் தேய்ப்பதும் சேர்ந்தால் வீங்கிவிடும் என்றாள். அப்படித்தான் தெரிகிறது, ஆனாலும் நாளைக்கே வந்து டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். போனோம். டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேனும் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். அது இல்லை, வெறும் நீர்தான். உயிர் வந்தது. நேரே கான்டீனுக்குப் போய் நெய் ரோஸ்ட் வாங்கித் தின்றேன். மைனி தன் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "இனி உனக்க மேல கை வைக்கமாட்டேன்" என்றாள்.

அடுத்த வாரம் பிசியோப் பெண் மைனியை விடவில்லை. "எனக்கு இங்கிருந்து கை நீளாதே. ஆன்ட்டியோட கை எனக்கு வேணும்" என்றாள். எண்ணெய் இல்லாமல், சூடு இல்லாமல், தோல் மட்டும் நகர்கிற மாதிரி எப்படித் தடவுவது என்று தன் கையிலேயே செய்து காட்டினாள். முதல் நாள் மைனியின் விரல் என்மேல் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு பயம். தடவலும் டாக்டர் மாட்டச் சொன்ன இறுக்கமான முழுக்கை உறையுமாக வீக்கம் வடிந்தது. எலும்பு தெரிந்தது.

மழை விட்ட ஒரு காலையில் என் விரல்கள் சுவரில் ஏறின. தோளைத் தாண்டின. காதைத் தாண்டின. முழுக் கையும் நேராக மேலே போய் நின்றது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" மைனி இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், போனோடு.

"சேச்சி, எனக்குக் கூரைதான் தெரியுது" என்று மேலேயிருந்து குரல் கேட்டது. "கை எங்கே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மேல உண்டு மோளே" என்றேன். "ரெண்டு பேருக்கதும் மேலதான் உண்டு."