ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

சிட்டிபாபுவுக்குப் பொன்னாடை புதிதல்ல. இரும்புலியூர்ச் சொந்தக்காரர் கல்யாணங்களில் எத்தனையோ வாங்கியவர். ஆனால் பொத்தேரிக் கல்லூரியில் அன்று மாணவர்கள் போர்த்தியது உடம்பெல்லாம் குத்தியது.

நிலம் வைத்திருந்த குடும்பம். அந்த நிலம் அடுக்குமாடிகளாக ஆனபின், வீட்டில் முதல் ஆளாகப் படித்து உயிரியல் பேராசிரியரானார். ஆயுத பூஜைக்குப் பம்ப்செட்டுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை ஆய்வகத்திலும் சும்மா இருக்காது. மைக்ராஸ்கோப், தராசு, கடைசியாக ஃப்ரீசர். அந்த வருஷம் அதைத் துடைப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கியவர், சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பச் செருகாமலேயே விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்.

உள்ளே இருந்தது மாணவி தேவதர்ஷினியின் குழு ஒரு போட்டிக்காக உருவாக்கிய பாக்டீரியா. லாரித் தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் நிறம் மாறுமாறு அதன் மரபணுவைத் திருத்தியிருந்தார்கள். கோடை முழுக்கப் பட்ட பாடு. விடுமுறை முடிந்து முதலில் வந்தவர் சிட்டிபாபுதான். எல்லாம் உருகி நாறிக் கிடந்தது. அவசரமாகப் பிளக்கைச் செருகினார்.

"கரண்ட் போயிருக்கும்மா. இந்த ஏரியா கரண்ட்டே பேஜாரு" என்றார், ஓடிவந்தவர்களிடம்.

அதன்பிறகு போட்டி முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வீட்டில் தங்கவில்லை. கூடவே உட்கார்ந்து அத்தனையையும் முதலிலிருந்து செய்யவைத்தார். பரிசும் வந்தது.

வழிகாட்டிகளுக்கான நன்றி விழாவில் குழுவிலிருந்த பிரிட்டோ மைக்கைப் பிடித்தான். "ஃப்ரீசர் கவுத்துடுச்சு, சிட்டிபாபு சார் தூக்கி விட்டாரு!" விசில் பறந்தது. அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போண்டா தட்டோடு நின்ற தேவதர்ஷினியையும் பிரிட்டோவையும் ஓரமாக அழைத்தார். "அந்த ஃப்ரீசர்... கரண்ட் போகலம்மா. பிளக்கைப் பிடுங்கினது நான்தான்."

"தெரியும் சார்" என்றாள் தேவதர்ஷினி.

"இன்னாம்மா சொல்ற?"

"அன்னிக்கே பாத்தோம் சார். கதவுல புதுப் பொட்டு. பக்கத்து ஃப்ரிட்ஜ்ல ஐஸ் அப்படியே இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

பிரிட்டோ போண்டாவை விழுங்கினான். "கேட்டிருந்தா நீங்க வெக்கப்பட்டுகினு வராம போயிருப்பீங்க. எங்களுக்கு ஆள் வேணுமே சார்."

அத்தனை ஞாயிறும் அவர் கரண்ட்டைத் திட்டியிருக்கிறார். அத்தனை ஞாயிறும் இந்தப் பிள்ளைகள் "ஆமா சார்" என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

தாம்பரம் ரயிலில் பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் அமுக்கினார். ஜரிகை வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"இன்னா சார், உங்களுக்கு ஃபங்ஷனா?" என்றார் எதிரில் இருந்தவர்.

"பசங்களுக்கு" என்றுவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.