சண்டைக்குப் போட்ட மார்க்

யார் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று அளப்பதற்கு எங்கள் கம்பெனிக்கு ஒரு தாள் வந்தது. முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில், ஒன்றில் டிக் போட வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்பதற்கு அந்த மார்க்கும் சேரும். நிரந்தரமாகாதவர்களுக்கு அடுத்த மாதத்தோடு வேலை இல்லை. எச்.ஆரில் உதவியாளராக இருந்த என் தலையில்தான் அதை எல்லோருக்கும் படித்துச் சொல்லும் வேலை விழுந்தது. இங்கிலீஷ் தாளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லிச் சொல்லி இரண்டே நாளில் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் கெலமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள். அவள் வேலை செய்யும் உற்பத்தி லைனில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். போன மாதம் ஒரு கர்ப்பிணி கையைத் தூக்கியபடியே நின்றாள். லைன் லீடர் கண்டுகொள்ளவே இல்லை. இவள்தான் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். நானும் அங்கேதான் ஃபைலோடு நின்றிருந்தேன். ஃபைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“மேலே இருக்கறவங்களோட தகராறு வந்தா, உடனே நேர்ல கேப்பீங்களா, இல்ல பொறுமையா இருந்து அப்புறமா பேசுவீங்களா?” என்று கேட்டேன்.

“எதைக்கா போடட்டும்?”

“உள்ளதப் போடும்மா. இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் இல்ல.”

தாளின் தலைப்பில் அச்சடித்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவள் என்னை நம்பினாள். முப்பதுக்கும் உள்ளதையே போட்டாள்.

நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. ‘மோதல் போக்கு உள்ளவர்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த லைன் லீடர் ‘அனுசரித்துப் போகிறவர்’. நானும் அந்தத் தாளை எழுதியிருந்தேன்; எனக்கும் அதேதான் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கையில் அவள் என்னிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை.

“நீங்களும் அந்தப் பேப்பர் எழுதினீங்களாமே. நீங்க என்னாக்கா போட்டீங்க?”

கம்பெனிக்கு எது பிடிக்குமோ அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“உள்ளதத்தான் போட்டேன்” என்றேன்.

தலையாட்டிவிட்டு, பஸ் வந்ததும் அவள் முதலில் ஏறினாள். நான் ஏறியபோது ஜன்னலோரத்தில் எனக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருந்தாள்.